உயர்திறன் ராக்கெட்டில் ஆல்டிமீட்டர்: துளை, மருந்து, கம்பி, சோதனை

கேள்வி இதுதான்: 98 மி.மீ. விட்டமுள்ள ராக்கெட், 54 மி.மீ. ஜே வகை மோட்டார் (ஜே என்பது மோட்டாரின் மொத்த உந்துதலைக் குறிக்கும் எழுத்து), எதிர்பார்க்கும் உயரம் சுமார் 1,200 மீட்டர். முதல் முறையாக ஆல்டிமீட்டர் (உயரத்தை அறிந்து பாராசூட்டை விரிக்கும் கருவி) வைத்து இரண்டு பாராசூட்டுகளை விரிக்க வேண்டும். எந்தக் கருவி வாங்குவது, எதில் கவனமாக இருப்பது?

எந்தக் கருவி என்பதற்கு ஒரு பத்தி போதும். இப்போது கிடைக்கும் நல்ல ஆல்டிமீட்டர்கள் தாமாகக் கெட்டுப்போய் ராக்கெட்டை விழவைப்பது அபூர்வம். அதற்குள் போகும் காற்று, அதை இயக்கும் பேட்டரி, பாராசூட்டை வெளியே தள்ள அது பற்றவைக்கும் வெடிமருந்து, இவற்றை இணைக்கும் கம்பி ஆகியவற்றில்தான் பிழை நேர்கிறது. பணத்தை ஒரு நடுத்தரக் கருவியில் போடுங்கள்; நேரத்தை அதன் அறையில் செலவிடுங்கள்.

முதலில், எதற்காக இத்தனை சிரமம்? 1,200 மீட்டர் உச்சியிலேயே பெரிய பாராசூட் விரிந்தால், நொடிக்கு 5.5 மீட்டர் வேகத்தில் இறங்க 218 நொடி ஆகும். காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசினால் ராக்கெட் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழும். உச்சியில் சிறு பாராசூட் மட்டும் விரிந்து நொடிக்கு 25 மீட்டரில் இறங்கி, 200 மீட்டரில் பெரியது விரிந்தால் மொத்தம் 76 நொடிதான். தள்ளிப்போகும் தூரம் 400 மீட்டருக்குள் அடங்கிவிடும். மோட்டார் அணைந்து சில நொடி கழித்து பாராசூட்டை ஒருமுறை மட்டும் வெளியே தள்ளும் தாமதத் திரியால் இந்த வேலையைச் செய்ய முடியாது. உச்சி எது, 200 மீட்டர் எது என்று அறியும் கருவி வேண்டும்.

அந்தக் கருவி அளப்பது உயரத்தை அல்ல, காற்றழுத்தத்தை. கடல் மட்டத்தருகே ஒவ்வொரு மீட்டர் ஏறும்போதும் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறைகிறது. தரநிலை வளிமண்டலத்தில் தரையில் 1,013 ஹெக்டோபாஸ்கல் என்றால் 1,200 மீட்டரில் 877. ஏவுதளத்தில் நிற்கும்போது கருவி தரை அழுத்தத்தைத் தொடர்ந்து சராசரி எடுத்து அதையே பூஜ்யமாக வைத்துக்கொள்ளும். மாதிரியைப் பொறுத்து 30 முதல் 100 மீட்டர் வரை ஏறிய பிறகே ‘பறக்கிறேன்’ என்று முடிவு செய்யும். பிறகு அழுத்தம் குறைவது நின்று கூடத் தொடங்கும் கணத்தை உச்சியாகக் கொண்டு முதல் மருந்தைப் பற்றவைக்கும். உச்சிக்கு ஒரு நொடி முன்னும் பின்னும் ராக்கெட் 5 மீட்டர்தான் உயர்கிறது, தாழ்கிறது. அழுத்த வேறுபாடு வெறும் 50 முதல் 60 பாஸ்கல். இந்தச் சிறு வேறுபாட்டை அது சரியாகப் பார்க்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் துளைக் கணக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பது புரியும்.

இன்னொன்று: கருவி காட்டும் உயரம் 15 டிகிரி தரை வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டது. 35 டிகிரி வெயிலில் காற்று விரிந்திருப்பதால் உண்மையான உயரம் காட்டுவதைவிட ஏறத்தாழ 7 சதவீதம் அதிகம். பாராசூட் விரிக்க இது பொருட்டல்ல. உயரச் சாதனையைப் பற்றிப் பேசும்போது நினைவிருக்கட்டும்.

கருவியைப் பொறுத்தவரை, பெர்ஃபெக்ட்ஃப்ளைட்டின் ஸ்ட்ராட்டோலாகர் சி.எஃப்., மிஸைல் வொர்க்ஸின் ஆர்.ஆர்.சி.3, ஆல்டஸ் மெட்ரமின் ஈஸிமினி மூன்றும் உங்கள் ராக்கெட்டுக்குப் பொருந்தும். மூன்றுமே உச்சிக்கு ஒன்று, பெரிய பாராசூட்டுக்கு ஒன்று எனத் தனி வெளியீடுகள் கொண்டவை. பறப்பின் தரவையும் பதிவு செய்யும். அளவு, பேட்டரி வகை, அமைப்பு மாற்றும் முறை ஆகியவற்றில்தான் வேறுபாடு. கையேடு உங்களுக்கு எளிதாகப் புரிகிற கருவியை எடுங்கள். அதன் பீப் ஒலிகளை நம்பித்தான் ஏவுதளத்தில் முடிவெடுக்கப் போகிறீர்கள். முடுக்கமானியும் சேர்ந்த கருவிகள் உண்டு. அவை வேகத்தைக் கணக்கிட்டு உச்சியை ஊகிப்பதால் ஒலிவேகத்தைத் தாண்டும் பறப்புகளுக்கு உதவும். ஆனால் ராக்கெட் சாய்ந்து பறந்தால் அந்தக் கணக்கில் பிழை சேரும். 1,200 மீட்டருக்கு அழுத்தமானி மட்டும் போதும்.

காற்றுத்துளைகள்

ஆல்டிமீட்டர் இருக்கும் கப்ளர் அறை (உடலின் இரு பகுதிகளை இணைக்கும் உட்குழாய்), வெளிக்காற்றுடன் துளைகள் வழியே மூச்சு விட வேண்டும். நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு: 100 கன அங்குல அறைக்கு கால் அங்குலத் துளை ஒன்று. மெட்ரிக்கில் இதைச் சுலபமாகச் சொன்னால், ஒவ்வொரு 50 கன செ.மீ.க்கும் 1 சதுர மி.மீ. துளைப் பரப்பு. உங்கள் கப்ளரின் உள்விட்டம் 95 மி.மீ., நீளம் 200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் கன அளவு சுமார் 1,420 கன செ.மீ. தேவையான பரப்பு 28 சதுர மி.மீ. அதை நான்கு துளைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 7 சதுர மி.மீ.; அதாவது 3 மி.மீ. டிரில் பிட்.

துளை சிறிதாகிவிட்டால் அறைக்குள் அழுத்தம் பின்தங்கும். கருவி பார்ப்பது ராக்கெட் சற்று முன்பு இருந்த உயரம். உச்சி தாண்டி ராக்கெட் வேகமெடுத்த பிறகு பாராசூட் வெளிவரும், கயிறு உடலைக் கிழிக்கும். துளை மிகப் பெரிதானால் காற்று வீச்சும் சுழலும் உள்ளே வந்து அளவீட்டைக் கலைக்கும். இரண்டில் எது மேல் என்றால், கணக்கைவிடச் சற்றே பெரிதாக இருப்பது மேல். 3 மி.மீ.க்குப் பதில் 3.5 போட்டால் எதுவும் ஆகாது, 1.5 போட்டால் ஆகும்.

ஒற்றைத் துளை, எதிரெதிராக இரண்டு துளை ஆகியவை வேண்டாம். ராக்கெட் காற்றில் சற்றுச் சாய்ந்து போகும்போது காற்று மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடும், பக்கவாட்டில் குறையும். சம இடைவெளியில் மூன்று அல்லது நான்கு துளை இருந்தால்தான் இந்த வேறுபாடு ஓரளவு சமன்படும். அதே காரணத்தால், ஸ்விட்சைத் திருப்ப ஸ்க்ரூடிரைவர் நுழைக்கும் துளையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்று 3 மி.மீ. துளை போட்டுவிட்டு, ஸ்விட்சுக்கு ஒரு பக்கம் 8 மி.மீ. துளை தனியாகப் போட்டால் பரப்பில் பெரும்பகுதி ஒரே பக்கம் போய்விடுகிறது. சமநிலை அங்கேயே முடிந்தது. நான்கு துளைகளில் ஒன்றின் வழியாகவே ஸ்விட்சை எட்டும்படி அறையை வடிவமைப்பது நல்லது.

துளை இருக்கும் இடமும் முக்கியம். மூக்குக் கூம்பு உடலோடு சேரும் இடத்திலிருந்து உடல் விட்டத்தைப் போல நான்கு மடங்காவது கீழே, வளைவில்லாத உருளைப் பகுதியில் இருக்கட்டும். துளைக்கு நேர் மேலே ரெயில் பட்டன் (ஏவும் தண்டில் ராக்கெட்டைப் பிடித்து வைப்பது), திருகுத் தலை, கேமரா எதுவும் துருத்தியிருக்கக் கூடாது. அதன் பின்னால் உருவாகும் சுழல் துளையைத் தாக்கும். டிரில் செய்தபின் விளிம்புப் பிசிரை உள்ளும் புறமும் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு துளை அடைபட்டிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். உடலின் துளையும் கப்ளரின் துளையும் நேராக வர வேண்டும். கப்ளரைத் திருப்பிப் பொருத்தினாலும் தவறாதபடி ஒரு கோடு கிழித்து வைத்துவிடுங்கள்.

பல கருவிகளில் உள்ள எம்.எஸ்.5607 போன்ற உணரிகள் ஒளிக்கும் வினைபுரியும். நேர் வெயில் துளை வழியே உணரியின் மேல் விழுந்து நகர்ந்தால், அழுத்தம் திடீரென மாறியது போலக் காட்டும். உணரியைத் துளைக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். மேலே காற்றுப் புகும் கறுப்பு நுரைத்துண்டு ஒன்றைத் தளர்வாகப் பொருத்துங்கள். சில கருவிகளோடு அதைத் தந்தே அனுப்புகிறார்கள். அது பொட்டலம் கட்ட வைத்த நுரை என்று நினைத்துத் தூக்கி எறிய வேண்டாம்.

அறையின் இரு மூடித் தட்டுகளிலும் காற்று கசியக் கூடாது. மரைக் கம்பி போகும் துளை, மின்கம்பி போகும் துளை எல்லாவற்றையும் எப்பாக்ஸி, சிலிக்கோன் அல்லது புட்டி வைத்து அடையுங்கள். உச்சி மருந்து வெடிக்கும்போது அதன் வாயு அறைக்குள் கசிந்தால் கருவி அழுத்த உயர்வைப் பார்க்கும். உயரம் சட்டென்று குறைந்துவிட்டதாக எண்ணிப் பெரிய பாராசூட்டையும் அங்கேயே விரிக்கலாம். அந்த வாயு அரிக்கும் தன்மையும் கொண்டது, சர்க்யூட்டை மெல்ல மெல்லத் தின்னும். பறந்து வந்தபின் அறையைத் திறக்கும்போது கரி வாசனையோ சாம்பலோ இருந்தால் அடுத்த முறைக்கு முன் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவற்றுக்கு எதிர்மாறாக, பாராசூட் இருக்கும் பகுதிகளுக்குத் தனித்தனியே 3 மி.மீ. துளை ஒன்று அவசியம். தரையில் அடைபட்ட காற்று மேலே போகும்போது வெளி அழுத்தம் குறைவதால் உள்ளிருந்து தள்ளும். 1,200 மீட்டரில் இந்த வேறுபாடு 13 கிலோபாஸ்கலுக்கு மேல், 98 மி.மீ. விட்டத்தில் அது 100 நியூட்டன் விசை. இறுக்கமற்ற பொருத்து அதிலேயே கழன்றுவிடும்.

ஒலிவேகத்தை நெருங்கும்போது அதிர்ச்சி அலை துளைகளைக் கடப்பதால் அழுத்தம் குதிக்கும். பழைய கருவிகள் அதையே உச்சி என்று தவறாக எடுத்ததால், அத்தனை நொடி கண்ணை மூடிக்கொள் என்று அமைக்க வேண்டியிருந்தது. இப்போதைய கருவிகள் வேகத்தைக் கணித்து அந்தக் குதிப்பை ஒதுக்குகின்றன. உங்கள் ராக்கெட் அந்த வேகத்தை எட்டாது.

மருந்தும் ஷியர் பின்னும்

ஷியர் பின் என்பது பகுதிகள் தாமாகக் கழலாமல் பிடித்திருந்து, மருந்து வெடிக்கும்போது அறுபடும் சிறு நைலான் திருகு. மருந்து, பின் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். உச்சியில் சிறு பாராசூட் வெளிவந்து கயிறு இழுபடும்போது, பெரிய பாராசூட் இருக்கும் மேல் பகுதியை மூடியுள்ள மூக்குக் கூம்பு தன் நிறையால் முன்னோக்கிப் பறக்கப் பார்க்கும். கூம்பு அரை கிலோ, அதிர்ச்சி 50 ஜி (புவியீர்ப்பைப் போல 50 மடங்கு) என்றால் 245 நியூட்டன். அதைத் தாங்கவில்லை என்றால் பெரிய பாராசூட்டும் உச்சியிலேயே வெளிவந்து, ராக்கெட் அடுத்த ஊருக்குப் போய்விடும். 2-56 அளவு நைலான் திருகு ஒன்று சுமார் 130 நியூட்டனில் அறுபடும். இரண்டு போட்டால் 260, மிக ஒட்டிய கணக்கு. மூன்று போட்டால் 390, அதுவே சரி.

இப்போது மருந்து அந்த 390 நியூட்டனை முறிக்க வேண்டும். 98 மி.மீ. தட்டின் பரப்பு 75 சதுர செ.மீ. ஆகவே 52 கிலோபாஸ்கல் அழுத்தம் தேவை. உராய்வு, கசிவு, பின்களின் வேறுபாடு எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக, சுமார் 100 கிலோபாஸ்கலுக்குக் கணக்கிடுவது வழக்கம். நான்கு எஃப் எனப்படும் மிக நுண்ணிய தரக் கருமருந்து, ஒரு லிட்டர் இடத்தில் இந்த அழுத்தத்தை உண்டாக்க ஏறத்தாழ 0.47 கிராம் வேண்டும். பாராசூட் பகுதியின் நீளம் 45 செ.மீ. என்றால் கன அளவு 3.4 லிட்டர், மருந்து 1.6 கிராம். பாராசூட் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழிக்க வேண்டாம். அது உங்களுக்கான உபரி. கண்ணளவில் போடாமல் 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள்.

மருந்து ஈ-மேட்சின் (மின்சாரத்தால் பற்றிக்கொள்ளும் சிறு திரி) தலையைச் சுற்றி இறுக்கமாக இருக்க வேண்டும். மருந்து போடும் குப்பியில் மருந்துக்கு மேல் மீதியுள்ள இடத்தைத் தீப்பிடிக்காத செல்லுலோஸ் பஞ்சால் நிரப்பி, மேலே டேப் ஒட்டுங்கள். இடைவெளி இருந்தால் ராக்கெட் தலைகீழாகும்போது மருந்து மேட்சை விட்டு விலகிவிடும். மேட்ச் எரியும், மருந்து எரியாது. மேட்ச் என்பது பாராசூட்டுக்கென விற்கும் 1 முதல் 2 ஓம் தடையுள்ள ஈ-மேட்சாகவே இருக்கட்டும். மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர்களில் பல அதிக மின்னோட்டம் கேட்பவை. அவை ஆல்டிமீட்டரின் சிறு பேட்டரிக்குப் பற்றிக்கொள்ளாமல் போகலாம்.

கணக்கு எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் தரைச் சோதனை இல்லாமல் பறக்கவிடாதீர்கள். உண்மையான பாராசூட், கயிறு, பின், மடிப்பு எல்லாம் அப்படியே வைத்து, கிடைமட்டமாகத் தரையில் கிடத்தி, 10 மீட்டர் தள்ளி நின்று மேட்சை மட்டும் பேட்டரியால் பற்றவையுங்கள். முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. பகுதி கழன்று, பாராசூட் முழுவதும் வெளியே வந்து கயிறு பெரும்பாலும் நீண்டால் சரி. கழன்று பாராசூட் பாதி உள்ளேயே கிடந்தால் 0.2 கிராம் கூட்டுங்கள். கயிறு விறைத்துத் துள்ளித் திரும்பினால் மருந்து அதிகம். சிறு பாராசூட் பகுதியையும் தனியாக இதேபோல் சோதியுங்கள்.

கம்பி, பேட்டரி, ஸ்விட்ச்

10 ஜி முடுக்கத்தில் 45 கிராம் எடையுள்ள 9 வோல்ட் பேட்டரி 450 கிராம் போல இழுக்கும். பாராசூட் விரியும் அதிர்ச்சி அதைவிடப் பல மடங்கு. ஒட்டும் வெல்க்ரோவை மட்டும் நம்பக் கூடாது. பேட்டரியின் அடிப்பக்கம் ஒரு தடுப்பு, சுற்றி இரண்டு கேபிள் டை, கிளிப்பின் மேல் டேப். சில 9 வோல்ட் பேட்டரிகளின் உள்ளே செல்கள் அழுத்தத்தால் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். அதிர்ச்சியில் கணநேரம் தொடர்பு அறுந்தால் கருவி மறுபடி முதலிலிருந்து தொடங்கும், வானத்தில் இருந்துகொண்டே தன்னைத் தரையில் இருப்பதாக எண்ணும். உள்ளே செல்களை வெல்டிங் செய்து இணைத்த வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஏவுநாளுக்கும் புதியது போடுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரி என்றால் கையேட்டில் உள்ள உச்ச மின்னோட்டத்தைப் பாருங்கள். எரிந்த மேட்ச் சில சமயம் ஷார்ட் ஆகி நிற்கும், வலுவான பேட்டரி அதன் வழியே கருவியின் ஸ்விட்சிங் பகுதியைச் சுட்டுவிடும்.

பல இழைக் கம்பியே பயன்படுத்துங்கள். ஒற்றை இழை அதிர்வில் முறியும். டெர்மினலில் திருகியபின் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். சிறிய பாராசூட், பெரிய பாராசூட் ஆகிய இரண்டின் கம்பிகளுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்து மூடித் தட்டிலும் எழுதிவையுங்கள். இவை இடம் மாறுவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. மாறினால் பெரியது உச்சியிலும் சிறியது 200 மீட்டரிலும் வரும். ஜி.பி.எஸ். டிராக்கர் வைப்பதானால் அதை மூக்குக் கூம்புக்குள், ஆல்டிமீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். மேட்ச் கம்பிகளை முறுக்கி விடுங்கள்.

ஸ்விட்ச் திருகு வகையோ சுழல் வகையோ இருக்கட்டும். நழுவும் ஸ்லைடு ஸ்விட்ச் வைத்தே ஆக வேண்டும் என்றால் அது நகரும் திசை ராக்கெட்டின் நீளத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும்.

மருந்தில்லாமல் கருவியைச் சோதிக்க ஒரு வெற்றிடப் பெட்டி போதும். மூடி ஒளிபுகுவதாக இருக்கும் உணவுப் பெட்டி, கைப்பம்பு, மேட்சுக்குப் பதில் சிறு பல்புகள். கருவி தயார் என்று பீப் ஒலித்ததும் காற்றை விரைவாக உறிஞ்சி, நிறுத்தி, மெல்லத் திறந்துவிடுங்கள். திறந்ததும் முதல் பல்பு, சற்றுப் பொறுத்து இரண்டாவது பல்பு எரிய வேண்டும். ஏவப்போகும் அதே பேட்டரி, அதே ஸ்விட்ச், அதே கம்பியோடு இதைச் செய்தால்தான் பயன்.

ஏவுதளத்தில்

மருந்து நிரப்பும்போது ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும். முடிந்தால் பேட்டரியும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். குப்பியின் மேல் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். ராக்கெட்டை ரெயிலில் ஏற்றி நிமிர்த்திய பிறகே ஆல்டிமீட்டரை இயக்குங்கள். அதுவரை மருந்துச் சுற்று செயலற்றிருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தேசிய ராக்கெட் சங்கமான என்.ஏ.ஆரின் பாதுகாப்பு விதி. ஆல்டிமீட்டர் சரியாகப் பேசிய பிறகுதான் மோட்டாருக்கு இக்னைட்டர் நுழைய வேண்டும்.

பேச்சை முழுவதும் கேளுங்கள். பொதுவாக அமைத்த உயரம், பேட்டரி வோல்ட், பிறகு மேட்ச் தொடர்பு என்ற வரிசையில் பீப் வரும். ஒரு பீப் என்றால் சிறியது மட்டும் இணைந்திருக்கிறது, இரண்டு என்றால் பெரியது மட்டும், மூன்று என்றால் இரண்டும் என்பது பல கருவிகளில் உள்ள முறை. உங்கள் கையேட்டில் உறுதி செய்து, ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள். மூன்று வராவிட்டால் ராக்கெட்டை இறக்குங்கள். காற்று வீசும் ஏவுதளத்தில் ஒலி சரியாகக் கேட்கவில்லை என்றால் காதைத் துளையருகே கொண்டுபோகலாம், ஆனால் உடல் ராக்கெட்டின் பக்கவாட்டில் இருக்கட்டும்.

முதல் பறப்பில் மோட்டாரின் சொந்த வெளியேற்ற மருந்தையும் காப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்தைக் கணித்த உச்சிக்கு 2 நொடி பின்னால் அமையுங்கள். இரண்டாவது ஆல்டிமீட்டர் வைக்கும் நாளில், அதற்குத் தனிப் பேட்டரி, தனி ஸ்விட்ச், தனி மேட்ச், தனி மருந்து இருந்தால்தான் அது காப்பு. ஒரே பேட்டரியைப் பகிரும் இரண்டு கருவிகள் ஒன்றாகவே சாகும். காப்புக் கருவியை உச்சிக்கு 1 நொடி தாமதித்தும், பெரிய பாராசூட்டுக்கு 50 மீட்டர் தாழ்த்தியும் அமையுங்கள். இரு மருந்தும் ஒரே கணத்தில் வெடித்தால் உடல் பிளக்கும். காப்பு மருந்து கால் பங்கு கூடுதலாக இருக்கட்டும். முதல் மருந்தால் நகராததைத்தான் அது நகர்த்த வேண்டும்.

இறங்கிய ராக்கெட்டை அணுகும்போது, எரியாத மருந்து உள்ளே இருக்கலாம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். இரு பகுதிகளும் திறந்திருக்கின்றனவா என்று தள்ளி நின்று பார்த்து, உயர பீப்பைக் குறித்துக்கொண்டு, ஸ்விட்சை அணைத்த பிறகே தூக்குங்கள். வீட்டில் தரவை இறக்கிப் பாருங்கள். உச்சியில் வரைகோடு மென்மையாக வளைந்து, மருந்து வெடித்த இடத்தில் சிறு முள் மட்டும் தெரிந்தால் துளையும் அடைப்பும் சரி. பெரிய முள் என்றால் கசிவு. ஏறும் கோடு முழுவதும் நடுங்கினால் துளைக்கு மேலே ஏதோ துருத்துகிறது. சிறு பாராசூட்டில் இறங்கும் வேகம் நொடிக்கு 30 மீட்டரைத் தாண்டியிருந்தால் பெரியதை 250 மீட்டரில் விரியும்படி மாற்றிவிட்டு, அடுத்த ஏவலுக்குத் தயாராகலாம்.